பதினொன்று பாஸ், ஒன்பது ஃபெயில்

கையால் எறிந்து, கையால் பிடித்து, கையால் அணைத்துக்கொண்டு ஓடும் விளையாட்டுக்கு அமெரிக்காவில் ஃபுட்பால் என்று பெயர். எழுபதுகளின் தொடக்கத்தில் மேல்படிப்புக்கு வந்திறங்கிய எனக்கு அது தெரியாது. கல்லூரிக் கோச் ஃபுட்பால் தெரியுமா என்று கேட்டதும், தாம்பரத்தில் கல்லூரி அணியில் ஆடியவன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். புள்ளியியல் மாணவன் வேறு. அன்றே கையில் ஒரு நோட்டைக் கொடுத்து மைதானத்தில் நிறுத்திவிட்டார்.

அணிக்கு ஒரு குவார்ட்டர்பேக் தேவை; பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் அவன்தான். தேர்வுக்கு வந்திருந்தவன் டேனி, ஒரு பால்பண்ணைக்காரரின் மகன். இங்கே இடம் கிடைக்காவிட்டால் மாடு கறக்கத் திரும்பிப்போக வேண்டியதுதான் என்று அவனே என்னிடம் சொன்னான். இரு பக்கமும் மாறி மாறி ஓடுகிற ஆட்டக்காரனுக்கு அவன் இருபது முறை எறிவான். காலடியையும் குறியையும் நான் எழுதிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் கோச் வந்து, எத்தனை பாஸ் என்றார்.

"பதினொன்று பாஸ். ஒன்பது ஃபெயில்" என்றேன்.

அங்கே எறிவதற்கே பாஸ் என்றுதான் பெயராம். இருபது எறியச் சொன்னேனே, மீதியை ஏன் எறியவில்லை என்று அவர் டேனி மேல் பாய, பரீட்சை முடிவை விளக்குவதுபோல் நான் விளக்க வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டே நோட்டைப் புரட்டியவர் சட்டென்று நிறுத்தினார். ஒன்பதும் இடப்பக்கம் ஓடியவனுக்கு எறிந்தவை. ஒன்பதும் அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தவை. ஆள் எந்தப் பக்கம் ஓடினாலும் டேனியின் முன்னங்கால் நேராகவே நிற்கிறது என்றேன்.

இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் உதவவில்லை. குரோம்பேட்டையில் என் அக்கா ஸ்டெல்லா தினமும் டிபன் பாக்ஸை மறந்துவிட்டு பீச் ரயிலைப் பிடிக்க ஓடுவாள். நான் பின்னாலேயே ஓடி, நகரத் தொடங்கிய ரயிலில் பெண்கள் பெட்டி வாசலில் நிற்பவளுக்கு எறிவேன். ஒருநாள் அது பின்பெட்டிக்குள் போய் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் மடியில் விழுந்தது. சாயங்காலம் ஸ்டேஷனில் அவர், டப்பாவில் வெட்டியிருந்த பெயரைச் சொல்லி விசாரித்து, காலி டப்பாவை அக்காவிடம் கொடுத்து, எலுமிச்சை சாதத்தில் உப்பு கொஞ்சம் கம்மி என்றாராம். பசியோடு வீட்டுக்கு வந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ரயில் பீச் பக்கம் போகுது, உன் கால் தாம்பரத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது. அப்புறம் எப்படிடா எனக்கு வரும்?"

ரயிலை மட்டும் விட்டுவிட்டு அதையே டேனிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். காலைத் திருப்பி அவன் எறிந்த முதல் பந்து கோச்சின் தொப்பியைத் தட்டிவிட்டது. அடுத்த நான்கும் ஓடுகிறவன் கைக்கே போயின. அவனை எடுத்துக்கொண்டார்கள். எங்கே கற்றாய் என்று டேனி கேட்டான். என் அக்காவிடம் என்றேன். அக்காதான் இந்தியாவின் குவார்ட்டர்பேக் என்று அவன் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தான்.

முதல் ஆட்டத்தின் படம் கல்லூரிப் பத்திரிகையில் வந்தது. ஹெல்மெட் அணிந்த டேனி பந்தை எறிகிறான். கோட்டுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டோடு நான். அதை வெட்டி, பள்ளி ஆசிரியரான அப்பாவுக்கு அனுப்பினேன். அக்கா பதில் எழுதியிருந்தாள். அப்பா அதற்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாராம். சர்ச்சிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஹெல்மெட் போட்டவனைக் காட்டி, பையன் அமெரிக்கா போய் நன்றாக உடம்பு போட்டுவிட்டான் என்கிறாராம். நீ அதில் எங்கேடா இருக்கிறாய் என்று அக்கா கேட்டிருந்தாள்.

அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை நான் பதில் எழுதவில்லை. குரோம்பேட்டை வீட்டுச் சுவரில் டேனியின் உடம்போடு பந்து எறிந்துகொண்டிருக்கிறேன். இந்த ஊரில், முகம் தெரியாத ஒரு முதுகாக நின்றுகொண்டிருக்கிறேன்.