உள்ளே நாற்பது, வெளியே பத்து

செல்வலட்சுமிக்கு முப்பத்தொரு வயது. மட்டாஞ்சேரியில் வீடு, வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தற்காலிக வேலை, களமசேரியில் பாசாகாத ஒரு பரீட்சை. இந்த மூன்றுக்கும் நடுவே பஸ்ஸிலேயே பாதி ஆயுள் போயிற்று. டிப்ளமா கைக்கு வந்தால் வேலை நிரந்தரம். சி புரோகிராம் லேப் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. பழைய பாடத்திட்டத்தில் தோற்றவர்களுக்கு இதுதான் கடைசி சப்ளி, அதாவது மறுபரீட்சை, என்று கல்லூரியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

பரீட்சையன்று லேபில் கேள்விச் சீட்டு எடுத்தாள். லிங்க்டு லிஸ்டைத் தலைகீழாக்கு. போன இரண்டு தடவையும் இதே கேள்விதான். விதி துரத்துகிறது என்று சொல்லலாம். மொத்தமே ஐந்தாறு சீட்டுதான் என்றும் சொல்லலாம்.

லிஸ்டு என்பது பெட்டிகளின் வரிசை. ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் எண்ணும், அடுத்த பெட்டியின் விலாசமும் இருக்கும். 10, 20, 30, 40 கொடுத்தால் 40, 30, 20, 10 என்று வர வேண்டும். ரெக்கார்டு நோட்டில் இருந்ததை மனப்பாடமாக அடித்தாள். திரையில் வந்தது 10. அவ்வளவுதான்.

அந்த ரெக்கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சீனியரிடமிருந்து வருவது. சீனியருக்கு அவருடைய சீனியரிடமிருந்து. புரோகிராமைப் பார்த்து எழுதுவார்கள். கம்ப்யூட்டர் தந்ததாக விடையையும் பேனாவாலேயே எழுதிவிடுவார்கள். யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. வாத்தியார் நாற்பது நோட்டையும் அடுக்கி வைத்துச் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, இங்கே ஈக்கும் சேர்த்துக் கையெழுத்து.

அந்தச் சிவப்பு மைக்காரர், லேப் பொறுப்பாளர் ஹரிஷங்கர், பாலக்காட்டுத் தமிழர், பின்னால் வந்து நின்றார். "எந்தா செல்வலட்சுமி, இந்த வட்டமும் பத்துதானா? ரெக்கார்டுல உள்ளத அப்படியே அடிச்சா போறுமே."

அவர் நகர்ந்ததும் தாளில் நான்கு பெட்டி வரைந்து, விரலால் தொட்டுக்கொண்டே போனாள். முதல் பெட்டியின் விலாசத்தைப் பின்பக்கம் திருப்பியதுமே, இருபது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. திருப்பும் முன்னே அதைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு வரி சேர்த்து ஓட்டினாள். மறுபடியும் 10.

போன இரண்டு தடவையும் இங்கேதான் விழுந்தாள். இதே வரியைச் சேர்த்து, இதே பத்தைப் பார்த்து, ரெக்கார்டு தப்பாக இருக்காது, நான்தான் தப்பு என்று அழித்துவிட்டாள். இன்று அழிக்கக்கூட அலுப்பாக இருந்தது. அந்த அலுப்புதான் காப்பாற்றியது. அழிக்காமல், லிஸ்டைத் திருப்பும் ஃபங்ஷனுக்கு உள்ளேயே லிஸ்டை ஒருமுறை அச்சிடச் சொன்னாள். உள்ளே 40, 30, 20, 10. வெளியே 10.

முதல் பெட்டி எது என்று சொல்வது 'ஹெட்'. ஃபங்ஷனுக்கு உள்ளே இருந்த 'ஹெட்' வேறு, அதைக் கூப்பிட்டு வேலை வாங்கும் மெயினில் இருந்த 'ஹெட்' வேறு. பெயர் ஒன்று, ஆள் இரண்டு. முதல் பெட்டி மாறிவிட்டது என்று மெயினிடம் யாரும் சொல்லவில்லை. அது பழைய பத்தையே பிடித்துக்கொண்டு நின்றது. ஆக நோட்டில் இருந்தது இரண்டு தப்பு. எந்த ஒன்றை மட்டும் திருத்தினாலும் பத்துதான் வரும்.

புது விலாசத்தை வெளியே அனுப்ப ஒரு வரி, மெயினில் வாங்கிக்கொள்ள ஒரு வரி. விடை வந்தது. சந்தோஷம் வரவில்லை. மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கோபம்தான் வந்தது.

ஹரிஷங்கர் திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "இது ரெக்கார்டுல உள்ளது அல்லல்லோ?"

"அல்ல சார். ரெக்கார்டு தப்பு."

"பின்னே இதுல ஒப்பு போட்டது ஆரு?"

மார்க் அவர் பேனாவில் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் மழுப்புவதற்கும் தெம்பு வேண்டுமே.

"நீங்கதான் சார்."

அவர் நோட்டை இழுத்து, முதல் தடவையாக அந்தப் பக்கத்தைப் படித்தார். வெகுநேரம் படித்தார். "பாஸு. போய்க்கோ," என்றார், தலை நிமிராமலே.

வராந்தாவில் அடுத்த பாட்ச் உட்கார்ந்து அதே பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. செல்வலட்சுமி நின்றாள். "அது தப்பும்மா," என்று ஒரு பெண்ணிடம் சொன்னாள்.

அந்தப் பெண் சிவப்புக் கையெழுத்தை விரலால் காட்டினாள். "சார் ஒப்பு போட்டிருக்காரே, சேச்சி," என்றுவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.