கைப்பைக்குள் போன சத்தம்

எனக்குக் கோபம் வருவது எனக்குத்தான் கடைசியில் தெரியும். முதலில் கால் ஆட ஆரம்பிக்கும். பிறகு கை எதையாவது பிசையும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். சவூதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய இரண்டு வருடமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் பெஞ்சில் வேறு ஆள் உட்கார்ந்ததே அபூர்வம். காரணம் என் மகள் ஆடிய கபடி.

நான் விமானம் ஏறியபோது அவள் ஏழாம் வகுப்பு. நான் போன மூன்றாம் மாதம் அவளைப் பள்ளி அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சுற்று வட்டாரத்தில் எங்கே ஆட்டம் நடந்தாலும் பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் தொடங்கும். சவூதியில் அப்போது பன்னிரண்டரை, சோற்றுத் தட்டை எடுக்கும் நேரம். மனைவி மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டு வீடியோ கால் போடுவாள். நான் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துவிட்டுக் கத்த ஆரம்பிப்பேன்.

சும்மா கத்துவதில்லை. எல்லாம் யோசனைகள். இடது மூலைக்குப் போகாதே, தொட்டதும் திரும்பு, அந்தக் குண்டுப் பிள்ளை காலைப் பிடிப்பாள், கவனி. நடுவரையும் விடமாட்டேன். அவருக்குக் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பேன். மகள் பிடிபட்டால் எருமை என்பேன், தப்பித்து வந்தால் அதையே கொஞ்சம் இழுத்துச் செல்லமாகச் சொல்வேன். கூட வேலை பார்த்த தொண்டிக்காரர் ஒருவர் ஆரம்பத்தில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏலே, நீ பிள்ளைக்குச் சொல்லிக்குடு, வேணாங்கல. எச்சி என் சோத்துல விழுகுது" என்றார்.

மைதானத்திலிருந்து வரும் சத்தம் மட்டும் எப்போதும் அமுங்கித்தான் கேட்கும். விசில் எங்கோ தூரத்தில் ஊதும். யார் அவுட், எத்தனை புள்ளி என்று மனைவியிடம் கேட்டால் பதிலே வராது. ஆட்டத்தில் மூழ்கிவிட்டாள், இல்லாவிட்டால் எங்கள் உப்பூர்ப் பக்கம் சிக்னல் அப்படி என்று நானே சமாதானம் செய்துகொள்வேன். ஆட்டம் முடிந்ததும் சத்தம் தெளிவாகிவிடும். மகள் வியர்வையோடு போனைப் பிடுங்கி, "பார்த்தீகளாய்யா?" என்பாள். அதற்குள் நான் கத்திக் கத்தி ஓய்ந்துபோயிருப்பேன். பார்த்தேன் தாயி என்பேன், அவ்வளவுதான். அவள் சிரித்துவிட்டு ஓடிவிடுவாள்.

வருடம் ஒன்று போனது. நன்றாகத்தான் ஆடினாள். நான் வலது பக்கம் போ என்றால் சில சமயம் வலது பக்கம் போனாள். இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு பிள்ளையை ஆளாக்குகிறோமே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வருடம் முடிந்து நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வந்தேன். வந்த இரண்டாவது வாரம் ராமநாதபுரத்தில் இரண்டு நாள் போட்டி. அவள் ஒன்பதாம் வகுப்பு. நான்கு பள்ளிகள் ஆடின. முதல் நாள் தோற்றவர்களுக்கு மறுநாள் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் மாவட்ட அணித் தேர்வுக்குப் போக முடியாது. ஆறு மாதமாகக் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடியதெல்லாம் அந்தத் தேர்வுக்காகத்தான். அவளுக்கு அது பெரிது. எனக்கு, அவள் ஆடுவதை முதல் தடவையாக நேரில் பார்ப்பது பெரிது.

மைதானத்துக்குள் நுழையும்போதே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சிறிய பிள்ளைகளின் ஆட்டம் அது. கழுத்தில் துண்டு போட்ட ஒருவர் கோட்டுக்குள்ளேயே இறங்கி நடுவரின் சட்டையைப் பிடிக்கப் போனார். எதிர் அணிப் பிள்ளையின் அப்பா அவரை ஒருமையில் பேசினார். எங்கள் பள்ளி பி.டி. டீச்சர் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் விலக்கிவிட்டார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை. சுற்றிலும் பார்த்தவர், மனைவியின் போனில் பார்த்துப் பழகிய என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார்.

"இந்தா நிக்கிறாரே, இவரப் பாருங்க. ரெண்டு வருசமா சவூதியில இருந்து போன்லயே பாக்குறாரு. ஒரு சத்தம் போட்டிருப்பாரா? அவரு பிள்ள எப்பிடி ஆடுதுன்னு பாருங்க."

துண்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். டீச்சர் அந்தப் பக்கம் போனதும் என்னடி இது என்று கேட்டேன். கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே வெள்ளை ஒயர் சுருண்டு கிடந்தது. ஆட்டம் தொடங்கும்போது ஹெட்போனைப் போனில் சொருகிவிடுவாளாம். காதில் வைக்கும் முனைகளையும் ஒயரில் இருக்கும் மைக்கையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவாளாம். மைதானத்துச் சத்தம் எனக்கு அமுங்கிக் கேட்டது அதனால்தான். முடிந்ததும் பிடுங்கிவிடுவாளாம். நான் இரண்டு வருடமாகச் சொன்ன யோசனை, கொடுத்த பயிற்சி, நடுவரைக் கேட்ட கேள்வி எல்லாம் அவளுடைய சீப்புக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவில் கிடந்திருக்கிறது.

"ஒங்களப் பத்தி எனக்குத் தெரியாதா" என்றாள். "ஒங்க அய்யா அமைதியாப் பாத்துக்கிட்டு இருக்காகன்னு பிள்ளைட்டச் சொல்லி வச்சிருக்கேன். அந்தத் தெம்புலதான் ஆடுது. கெடுத்துப்புடாதீக."

அந்த இடத்தில் எனக்கு வந்தது கோபமா அவமானமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. அதற்குள் மகளின் அணி களத்தில் இறங்கிவிட்டது. அவள் என்னைத் தேடினாள். முன்வரிசையில் பார்த்ததும் ஒரு தலையாட்டல். நானும் ஆட்டினேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

நேரில் பார்ப்பது வேறு. போனில் கட்டைவிரல் உயரம் இருந்த பிள்ளை, இங்கே மூச்சு வாங்குவது கேட்கிறது, முட்டியில் தோல் உரிந்திருப்பது தெரிகிறது. எதிர் அணியில் ஒருத்தி அவளைவிட ஒரு சாண் உயரம். சுற்றிலும் எல்லோரும் கத்தினார்கள். எதிர் அணி மாஸ்டர் தன் அணிப் பிள்ளை ஒருத்தியை, சோறுதானே திங்கிற என்று கேட்டார். எங்கள் டீச்சர் விசிலைக் கழற்றி மண்ணில் எறிந்தார். எனக்குக் கால் ஆட ஆரம்பித்தது. மனைவி என் முழங்கால்மேல் கைப்பையை வைத்து அழுத்தினாள்.

கடைசி இரண்டு நிமிடம், புள்ளி சமம். மகள் பாடப் போனாள். கபடி கபடி என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போய் ஒருத்தியின் தோளைத் தொட்டுவிட்டாள். திரும்பி நடுக்கோட்டுக்கு ஓடி வந்தால் போதும். ஆனால் இன்னொருத்தியையும் தொடலாம் என்று இடது மூலைக்குப் போனாள். இரண்டு வருடமாக நான் வேண்டாம் என்று சொன்ன அதே மூலை. உயரமானவள் குனிந்து தயாராவதைப் பார்த்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"ஏய் எருமை, திரும்புடி."

அவள் திரும்பினாள். கோட்டைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. வாயில் பாட்டு நின்றுவிட்டது. மூச்சு அறுந்தால் அவுட். நடுவர் விசில் ஊதிக் கையைத் தூக்கினார். அவர்மேல் தப்பே இல்லை. ஆனாலும் கோட்டுக்குள் இறங்கிப் போய் அவரிடம் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன். பழகிய கேள்வி, தானாக வந்துவிட்டது. துண்டுக்காரர்தான் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். உட்காருங்க சார் என்று பதமாகச் சொன்னார். அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம்.

ஒரு புள்ளியில் தோற்றோம். டீச்சர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மகளைத்தான் பிடித்துக்கொண்டார். ஆட்டத்துக்கு நடுவில் வேடிக்கை என்ன வேண்டியிருக்கிறது, எவன் கத்தினால் உனக்கென்ன என்று எல்லோருக்கும் முன்னால் திட்டினார். பிள்ளை தலைகுனிந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அய்யா கத்தியதால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை.

பஸ்ஸில் அவளும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் பின்னால். தேவிபட்டினம் தாண்டியதும் மனைவி குனிந்து ஏதோ சொல்வது தெரிந்தது. ஹெட்போன் கதையைத்தான் சொல்கிறாள் என்று கைப்பை திறந்து மூடியதில் புரிந்தது. மகள் வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். உப்பூர் வந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

"நான் யாரோன்னு நெனச்சேன்யா" என்றாள். "எவனோ திட்டுறான்னுதான் திரும்புனேன்."

கொஞ்சம் கழித்து, "நாளைக்கு நீங்க வரவேணாம். அம்மா போன்ல காட்டுவாக" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கெஞ்சினாள். சரி தாயி என்றேன்.

மறுநாள் இரண்டு பேரும் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் நடந்தேன். வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். ஃபேனைப் போட்டேன், அணைத்தேன். பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வாக்கை மீறுகிறோம் என்று தெரிந்துதான் ஏறினேன். மைதானத்துக்குள் போகமாட்டேன், சுற்றுச்சுவருக்கு வெளியே இருப்பேன், அது வருவதில் சேராது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

சுவரை ஒட்டி ஒரு டீக்கடை. மூன்று மணிக்கு வீடியோ கால் வந்தது. பின்னால் இருக்கும் பாய்லரும் பிஸ்கட் பாட்டில்களும் தெரிந்துவிடக்கூடாது என்று போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சத்தம் பழையபடி அமுங்கிக் கேட்டது. ஒயரைச் சொருகிவிட்டாள்.

அன்றைக்குத்தான் ஒன்று கவனித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் விசில் ஊதி, கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகுதான் என் போனில் பிள்ளைகள் அசைந்தார்கள். மூன்று நொடி, நான்கு நொடி பிந்தி வருகிறது படம். நூறு அடியில் இப்படி என்றால் கடலுக்கு அப்பால் எப்படி இருந்திருக்கும். திரும்பு என்று நான் அலறிய ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பியோ பிடிபட்டோ முடிந்திருக்கும். அந்த ஒயர் இல்லாமல் இருந்திருந்தால்கூட நான் சொன்ன ஒன்றும் அவளுக்கு உதவியிருக்காது.

கடைசி நிமிடம், மறுபடி புள்ளி சமம். அவள் பாடப் போக நடுக்கோட்டில் நின்றாள், போனில். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஆரவாரம் எழுந்தது. எல்லாம் முடிந்துவிட்டது. யாருக்குச் சாதகமாக என்று மட்டும் தெரியாது. என் கையில் அவள் இன்னும் கோட்டைக் குனிந்து தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கத்தவேண்டும்போல் தொண்டை அரித்தது. கத்தினால் சுவரைத் தாண்டிக் கேட்டுவிடும். சட்டைக் காலரை இழுத்துக் கடித்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் வடையைத் திருப்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் அவள் போனாள், வலது ஓரத்தில் ஒருத்தியின் கையைத் தொட்டாள், இரண்டு பேர் பாய்ந்தார்கள், அவர்களுக்கு அடியில் விழுந்தபடியே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டார்கள். நான் காலரை விடவில்லை.

படம் ஆடியது. மகள் ஓடிவந்து அம்மாவின் பையைத் திறந்து ஒயரை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டாள். முகமெல்லாம் மண். பார்த்தீகளாய்யா என்று கேட்பாள், பார்த்தேன் தாயி என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

"இப்பக் கத்துனீகளாய்யா?" என்றாள்.

"இல்ல தாயி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். மனைவி என்ன சொல்வாள், ஒயர் பைக்குள் கிடந்ததே. தெரியாது என்று கையை விரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே சாட்சி டீக்கடைக்காரர். அவர் என் பக்கத்திலேயே நின்றார். அவரைக் காட்ட முடியாமல் போனை இன்னும் முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டேன்.