எடைக்கு எடை பூவன் பழம்

பழுத்த பூவன் பழத்தின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குக் காது சூடாகிவிடும். காரணம் அப்புறம்தான் நினைவுக்கு வரும்: தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கோயிலில், ஊரே பார்க்கத் துலாபாரத் தட்டில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் நான்.

தாத்தா காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் வேலை. ஏழாம் வகுப்பில் டைபாய்டு வந்து நான் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்து எழுந்தால் எடைக்கு எடை பழம் வைப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். எழுந்தேன். அதற்குப் பிறகு கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும், அது செரிப்பதற்குள் ‘சாயா’வும் பழம்பொரியுமாக அவள் என்னை ஊட்டி வளர்த்ததில், நேர்ச்சையை நிறைவேற்றக் கைகூடுவதற்கு ஆன இரண்டு வருஷத்துக்குள் பள்ளியில் எனக்குத் ‘தடிச்சி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அறிவியல் பாடத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் பூமி நம்மை விமானத்தைவிட வேகமாகக் கிழக்கே சுழற்றிக்கொண்டு போகிறதாம். பூமத்திய ரேகையில்தான் அந்த வேகம் மிக அதிகமாம். சுழற்சி நம்மை லேசாக வெளியே தள்ளப் பார்ப்பதால் அங்கே எடை குறையுமாம். கொச்சி அந்த ரேகைக்கு ஓரளவு பக்கம் என்று தேசப்படத்தில் பார்த்து நான் பூரித்துப்போனேன். கணக்குப் போட்டதில் என் பங்குக்குக் குறைவது ஒன்றிரண்டு பழத்தின் எடைதான் என்று தெரிந்தது. ஆனாலும் விடவில்லை, அதுவாவது குறையட்டுமே என்றிருந்தேன்.

அம்மா என் எடையை யாரிடமும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைத் தூக்கி வந்த கைகளின் நினைவை நம்பி, கொஞ்சம் கூட்டியே கொச்சி பிராட்வே சந்தையில் குலைகளை வாங்கிவிட்டாள். கோயிலில் அத்தனையையும் ஏற்றிய பிறகும் என் தட்டு தரையைவிட்டு எழும்பவில்லை.

“இனியும் வேணும், சேச்சி” என்றார் தராசைப் பிடித்திருந்தவர். அப்பா வெளியே கடைக்கு ஓடினார். வரிசையில் நின்ற என் வகுப்புப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியை விட்டுவிட்டு, கொஞ்சம் வேகமாகச் சுற்றேன் என்று பூமியிடம் வேண்டினேன். வேண்டும்போதே உறைத்தது: பூமி என்னை எவ்வளவு லேசாக்கினாலும் எதிர்த்தட்டுப் பழத்தையும் அதே அளவுக்கு லேசாக்கிவிடும். தராசுக்கு முன்னால் என் பாடம் உதவாது.

அம்மாவோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சிரிக்காதேம்மா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டுமே! அன்னிக்கு உன்னெத் தூக்கினா கையிலெ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு, மோளே. இன்னும் ரெண்டு குலை வைக்கச் சொல்லு!”

“போதும், வாயை மூடு” என்றேன். அம்மாவின் சிரிப்பு நின்றது. கடைசிக் குலையில் என் தட்டு மேலே வந்தபோது அவள் கை கூப்பினாளே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

இப்போது அம்மா இல்லை. மட்டாஞ்சேரி வீட்டையும் விட்டு வந்தாயிற்று. சர்க்கரைக்காக மாதாமாதம் டாக்டரிடம் போகிறேன். அங்கே எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றால், எண் கூடியிருப்பதைக் கண்டு நர்ஸ் உதட்டைப் பிதுக்குவாள், டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்வார், நானும் வெட்கத்தோடு இறங்கிவிடுவேன். என் உடம்பு கனத்ததற்காகச் சந்தோஷப்பட்டவள் இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான். அவளைத்தான் வாயை மூடு என்றேன்.