கணவர் பெயர் என்ற கட்டம்

அறுபதுகளில் கடலூர் முதுநகரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வாத்தியாராக இருந்தேன். குடிமகனின் கடமைகள் என்ற பாடத்தை என்னைப்போல் நடத்த ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொன்னதில்லை. ஓட்டின் மகிமையைப் பற்றி மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுவேன். சாக்பீஸ் தூசி பறக்கும், முன்வரிசைப் பிள்ளைகள் தும்முவார்கள். ஜனநாயகம் அவர்கள் மூக்கில் ஏறிய அளவுகூட என் மண்டையில் ஏறவில்லை. அதைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நகராட்சித் தேர்தல் வரப்போகிறது, வாக்காளர் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. எழுதப் படிக்கத் தெரியும், எதிர்த்துப் பேசத் தெரியாது என்ற இரண்டு தகுதியும் வாத்தியார்களிடம் ஒருங்கே இருந்ததால் வேலை எங்கள் தலையில் விழுந்தது. வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, கதவு எண் எழுத வேண்டும். ஆண் என்றால் அப்பா பெயர், கல்யாணமான பெண் என்றால் கணவர் பெயர். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வண்டி நின்றுவிடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவார்கள், ஒன்றும் இல்லையென்றால் காலண்டரில் இருக்கும் சாமியைக் காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். பொறுமையில்லாத வாத்தியார்கள் அந்தப் பெண்களை எழுதாமலே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவதும் உண்டு. நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. அதைவிட மோசமாகச் செய்தேன்.

மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் வேர்க்கடலைக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த தெரு எனக்கு வந்தது. அந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் கிடையாது. பெண்கள் குடத்தோடு இரண்டு தெரு தாண்டிப் போய் வரிசையில் நிற்பார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைசி வீட்டில் போய் நின்றேன். கிடங்கில் மல்லாட்டை உடைக்கும் வேலை செய்கிற பெண், முப்பது வயதிருக்கும். கையில் இருந்த நோட்டைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"போன தடவ எம்பேரு வரல சார். இந்தத் தடவயாச்சும் வருமா?"

"நான் எழுதறேன் இல்ல, வராம எங்கம்மா போவும்?" என்றேன். என்ன தோரணை.

ஓட்டுப் போட்டால்தான் குழாயைப் பற்றிக் கேட்க வாய் இருக்கும் என்று தெருப் பெண்களிடம் அவள்தான் சொல்லிவைத்திருக்கிறாள். பெயரையும் வயதையும் தெளிவாகச் சொன்னாள். வீட்டுக்காரர் பெயர் என்றதும் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து வீடு பாய் குடும்பம், அன்று பார்த்துப் பூட்டிக்கிடந்தது. அவள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தார்.

"சாயங்காலம் ஒரு எட்டு வாங்க சார், அவுரே சொல்லுவாரு."

சாயங்காலம் எனக்கு ரயில் இருந்தது. என் மனைவி பிரசவத்துக்குச் சிதம்பரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். வாராவாரம் அவளைப் பார்க்கப் போகிறேன் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். மேல வீதியில் மச்சானோடும் அவர் சிநேகிதர்களோடும் காபி குடித்து அரட்டை அடிப்பது உண்மையான காரணம். அந்த அரட்டைக்கு வாரம் ஒரு புதுச் சரக்கு கொண்டுபோவது என் பொறுப்பு. தெருமுனையில் நின்றபடி, அந்தக் காலியான கட்டத்தில், ஊரே கிறுக்குப் பிடித்துக் கிடந்த ஒரு சினிமா கதாநாயகரின் பெயரைப் பென்சிலால் எழுதினேன். திங்கட்கிழமை அழித்துவிட்டுச் சரியாக எழுதிக்கொள்ளலாம் என்றுதான்.

சிதம்பரத்தில் சரக்கு அமோகமாக விலைபோனது. மச்சானுக்குப் புரையேறிக் காபி சட்டையில் கொட்டியது. ஒப்படைக்க வேண்டியதும் திங்கட்கிழமை காலைதான் என்பது அப்புறம்தான் உறைத்தது, ஞாயிற்றுக்கிழமையே பட்டியலை மையில் நகல் எடுக்க வேண்டியிருந்தது. மச்சான் படிக்க, நான் எழுதினேன். அந்த வரி வந்தபோது அவர் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு அந்தப் பெயரை அப்படியே படித்தார். நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே மையில் எழுதினேன். "மச்சான், நாளைக்கு மாட்டிக்கப் போறீங்க," என்றார். அந்தப் பெயரில் ஊரில் நூறு பேர் இருப்பார்கள், யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்றேன்.

திங்கட்கிழமை பட்டியல் கைமாறிவிட்டது. சொல்லியிருந்தால் திருத்தியிருக்கலாம். சொன்னால் ஏன், எப்படி என்று கேட்பார்கள். வரைவுப் பட்டியலை நகராட்சிச் சுவரில் ஒட்டி, பிழை இருந்தால் தெரிவிக்கலாம் என்று எழுதியும் வைத்தார்கள். பொதுமக்கள் வந்து பார்த்துச் சொல்லட்டுமே, அதுவும் குடிமகனின் கடமைதானே என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். மல்லாட்டை உடைக்கிறவள் வேலையை விட்டு வந்து, தெரியாத எழுத்தைப் படித்து, என் குறும்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

தேர்தல் நாள் வந்தது. பட்டியல் எழுதிய வாத்தியார்களையே சாவடியிலும் உட்கார வைப்பார்கள். அந்தத் தெருவுக்கான சாவடியில் பட்டியலைச் சத்தமாகப் படிக்கும் வேலை எனக்கு வந்தது. அவள் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாக்காளர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட வாக்குச்சாவடி அலுவலர் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பத்து மணிக்கு வந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, தெருப் பெண்கள் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள். மை வைப்பதற்கு இடது ஆள்காட்டி விரலை அப்போதே நீட்டி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும், தெரிந்தவரைப் பார்த்ததுபோல் சிரித்தாள். துண்டுச் சீட்டில் இருந்த எண்ணைப் பார்த்துப் படித்தேன். அவள் பெயர், அடுத்து கணவர் பெயர். குரலை இறக்கித்தான் படித்தேன். ஆனாலும் அந்தப் பெயர் எவ்வளவு இறக்கினாலும் கேட்கும்.

ஒரு வேட்பாளரின் ஏஜெண்டு எழுந்துவிட்டார். "அந்தப் பேருல அந்தத் தெருவுலயே ஆளு கெடையாது சார். இது வேற யாரோட ஓட்டோ."

ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "படம் எப்ப ரிலீசும்மா?"

சாவடி முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர். அவள், நான், சாவடித் தலைமை அதிகாரியாக வந்திருந்த உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அவர் சினிமா பார்க்காதவர்.

"ஒன் வீட்டுக்காரர் பேரச் சொல்லும்மா," என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பின்னால் நின்றவள் சொன்னாள். பட்டியலில் இருந்ததற்கும் அதற்கும் ஓர் எழுத்துக்கூட ஒற்றுமை இல்லை. தலைமை அதிகாரி என் பக்கம் குனிந்தார்.

"எழுதினவரோட தவறுன்னு தெரிஞ்சா நான் அனுமதிக்கலாம். அப்படி நடந்திருக்குமா சார்?"

ஒரு வார்த்தை. ஆமாம் சார், அது நான்தான் என்றால் போதும். மேலதிகாரியின் மெமோ, வேலைக்கு ஆபத்து, கைக்குழந்தை எல்லாம் வரிசையாக வந்து என் எதிரில் நின்றன.

"வீடு வீடா போயி விசாரிச்சுத்தானே சார் எழுதியிருப்பாரு," என்றேன்.

என்னை நானே அவர் இவர் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான்.

அவள் என்னைப் பார்த்தாள். எழுதியவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். அவள் கையைக் காட்டி, இவர்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நீட்டிய விரலை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கூட வந்த பெண்களும், தங்களையும் புருஷன் பெயர் கேட்டுச் சிரிப்பார்கள் என்று பயந்து, சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். நான் அடுத்த எண்ணைப் படித்தேன்.

அந்த வாரம் மச்சானிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஆறுதலாக ஏதோ சொல்லப் பார்த்தார். ஜெயித்தவர் ஏகப்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார், அந்த ஏழெட்டு ஓட்டால் என்ன மாறியிருக்கும் என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தொங்கினேன். பிறகு அந்தப் பெண்கள் குழாய் கேட்டுக் கவுன்சிலரிடம் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் தெருவில் பெண்கள் யாரும் ஓட்டுப் போடவே வருவதில்லையே, ஓட்டு வேண்டாதவர்களுக்குக் குழாய் மட்டும் எதற்கு என்று கேட்டாராம். ஜனநாயகம் வேலை செய்கிறதா என்று இப்போதும் பலர் விவாதிக்கிறார்கள். அந்தத் தெருவில் அது வேலை செய்யாததற்குக் காரணம் நானும் என் பென்சிலும்தான். அவள் யாருக்குப் போட இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல அவளுக்கு இருந்தது அந்த ஓட்டுப் பெட்டி ஒன்றுதான்.

பட்டியலை அடுத்த முறை திருத்தும்போது அந்தத் தெருவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்ற வாத்தியார்கள் என் பொறுப்புணர்ச்சியைப் பாராட்டினார்கள். சாயங்காலமாகப் பார்த்து, பேனாவோடு போனேன். அவள் வீட்டுக்காரர் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பாய் வீட்டு அம்மாவும் கதவருகில் நின்றார். போன தடவை எழுதியது நான்தானம்மா, விளையாட்டாக எழுதினேன் என்று ஆரம்பித்தேன். நாலு தடவை ஒத்திகை பார்த்த மன்னிப்பு பாதியிலேயே நின்றது.

"தெரியும் சார்," என்றாள். "அங்கியே சொல்லியிருப்பேன். புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கற மனுசன், வேலைக்கு ஒண்ணு ஆயிடப்போவுதேன்னு பாத்தேன்."

அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. நான் வழக்கம்போல் அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, அவர் பெயரைக் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி, அவர் முகத்தைப் பார்க்காமல், நோட்டைப் பார்த்துச் சொன்னாள். பாய் வீட்டு அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். கால் கழுவிக்கொண்டிருந்தவர் சொம்பைக் கவிழ்த்தபடி அப்படியே நின்றார், தண்ணீர் தீர்ந்த பிறகும்.

நான் மையில் எழுதினேன்.

"படிங்க சார்."

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"இனிஷியல வுட்டுட்டீங்க," என்றாள்.