மறுகா என்று கேட்டது யார்?

‘வருபயன்’ என்ற சொல்லை அந்த இடத்தில் போட்டவன் நான்தான். ஆகவே என் கோபத்தின் முதற்பங்கு எனக்கே உரியது. மீதி யாருக்கு என்பதையும் எழுதிவிட்டுத்தான் பேனையை மூடப்போகிறேன்.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். கல்லடியில் என் வீட்டு முன்னறைதான் அலுவலகம். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி என்று இருபத்து நான்கு வருடங்களாக இரண்டு மொழிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் ஒருவருடைய விசா திரும்பிவிடும். அதனால் எதையும் மூன்று முறை வாசிப்பேன். தங்கச்சியின் மகள் கொண்டுவந்த ஒப்பந்தத்தையும் மூன்று முறை வாசித்தேன்.

மருமகளுக்கு இருபத்தெட்டு வயது. நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இன்னொரு வேலை இருந்தது. கணினித் திரையில் ஒரு சித்திரப் பெண் வருவாள், தலையில் நீர்நாயின் காதுகளோடு. மருமகள் சிரித்தால் அவளும் சிரிப்பாள், தலையைச் சாய்த்தால் அவளும் சாய்ப்பாள். குரல் மருமகளுடையது. அந்த முகத்துக்குப் பின்னால் இருந்து, வயல் செய்கிற ஒரு விளையாட்டை நேரலையில் விளையாடிக்கொண்டே, பார்க்கிறவர்களோடு கதைப்பாள். தன் உண்மையான முகத்தை அவள் ஒருநாளும் காட்டியதில்லை.

ஆரம்பத்தில் நான் பகிடி பண்ணினேன். “பொம்மைக்குப் பின்னால ஒளிச்சிருந்து கதைக்கிறதக் கேக்கவும் ஆக்கள் வருமா?”

“வாற ஆக்களும் ஒளிச்சுத்தான் இரிக்காங்க மாமா. ஒருத்தருக்கும் முகமில்ல. அதாலதான் மனசு விட்டுக் கதைக்காங்க.”

தங்கச்சிக்குக் காதுதான் பிரச்சினை. “நாய்க் காதா புள்ள? ஒரு பூனையும் கிடைக்கல்லியா?”

“நீர்நாய் அம்மா. நம்மட வாவியில இரிக்கிறது.”

“நாய் நாய்தான்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை என்றால் கட்டாரில் இரண்டு மணி. அங்கே விடுமுறை நாள். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் கிடக்கிறவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஓட்டமாவடியிலிருந்து போனவர், மண்டூரிலிருந்து போனவர், ஊரைச் சொல்லாதவர். சிறுசிறு வரிகளாக எழுதுவார்கள். மருமகள் அவற்றை வாசித்துவிட்டு “மறுகா?” என்பாள்.

மறுகா என்றால் பிறகு. எங்கள் பக்கத்தில் அது கதை கேட்கிறவரின் சொல். சொல்கிறவர் இடையில் நின்றால், கேட்கிறவர் மறுகா என்பார். நான் இங்கேதான் இருக்கிறேன், நீ சொல்லு என்பது பொருள். அதைச் சொல்லிவிட்டு மருமகள் காத்திருப்பாள். கைத்தொலைபேசியில் தமிழ் எழுதத் தடுமாறுகிற ஒருவர் அடுத்த வரியை எழுத நான்கைந்து நிமிடம் எடுப்பார். திரையில் நீர்நாய்ப் பெண் தலையைச் சாய்த்தபடி நிற்பாள். விளையாட்டு வயல்வட்டையில் நெல் தண்ணீரில்லாமல் மஞ்சளாகும். அவள் திரும்பியும் பார்க்க மாட்டாள். மூன்று வெள்ளிக்கிழமைகள் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு நான் பகிடியை நிறுத்திக்கொண்டேன்.

தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் ஏறாவூர்க்காரர், கட்டாரில் சாரதி. அவர்கள் ஊரில் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா; மருமகளும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவாள். அவர் எழுதுவதெல்லாம் தன் உம்மாவைப் பற்றித்தான். காலில் ஆறாத புண், கிளினிக்குக்குப் போகப் பிடிவாதம், நீலக் கேற்றுக்கு உள்ளே நிற்கும் ஜம்பு மரம், அதற்கு வரும் வௌவால்களை உம்மா ஏசுகிற ஏச்சு. அந்த ஏச்சை மருமகள் நடித்துக் காட்டினால் அவர் சிரிப்புப் படங்களாக அனுப்புவார்.

இனி ஒப்பந்தம். சித்திரத்தை வரைந்து கொடுத்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். சித்திரமும், அதனூடாகப் பதிவாகும் குரலும், ‘அவற்றிலிருந்து பெறப்படும் எதுவும்’ தங்களுக்கே சொந்தம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ‘வளவும் அதில் நிற்கும் தென்னைகளும் அவற்றின் வருபயனும்’ என்று காணி உறுதிகளில் எழுதிப் பழகிய கை என்னுடையது. ‘குரற்பதிவுகளும் அவற்றின் வருபயனும்’ என்று அழகாக எழுதிவிட்டேன்.

“அப்படியெண்டா என்ன மாமா?”

“பதிஞ்சதத் திருப்பிப் போட்டா வாற வருமானம் அவங்களுக்கு. தேங்காய் மாதிரி. மரம் உன்டதான், பயப்பிடாத.”

அவள் கையெழுத்து வைத்தாள்.

இரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. இதுவரை செய்த பணிக்கு நன்றி. அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் தேவையில்லை. உங்கள் குரல் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது. அதே குரலில் வேறெங்கும் நேரலை செய்ய மூன்று வருடம் தடை என்ற ஏழாம் பிரிவையும் நினைவூட்டியிருந்தார்கள். ஒரு மனுசியிடம் ‘உன் குரல் எங்களிடம் இருக்கிறது, நீ வேண்டாம்’ என்று எழுத இவர்களுக்குக் கை கூசவில்லை. மருந்துக்கடையில் பழைய தராசை மாற்றியபோதுகூட ஒருவர் நேரில் வந்து சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போனார்.

அடுத்த மாதத்து முதல் வெள்ளி நாலரைக்கு நீர்நாய்ப் பெண் வந்தாள். மருமகள் என் முன்னறையில், என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். திரையில் கதைத்தது, அவளுடைய பதிவுகளிலிருந்து ‘பெறப்பட்ட’ செயற்கை நுண்ணறிவு.

கொப்பியை வைத்துக்கொண்டு பிழை பிடிக்க உட்கார்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. உண்மையை எழுத வேண்டும். முடியாது என்பதற்கு ‘ஒண்ணா’, போய் வருகிறேன் என்பதற்கு ‘பெய்த்து வாறன்’, எல்லாம் அச்சாக அவளுடைய வாய். அது இருமவில்லை, தண்ணீர் குடிக்க எழும்பவில்லை. எல்லோருக்கும் பதில் சொன்னது. “இண்டைக்கு நல்ல உசார் தங்கச்சி” என்று பார்க்கிறவர்கள் எழுதினார்கள்.

“என்னவிட நல்லாக் கதைக்குது மாமா,” என்றாள். எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் குறித்தேன். ஒரு மணித்தியாலத்தில் முப்பத்தேழு தடவை மறுகா என்றது. ஒரு தடவையும் நிற்கவில்லை. கேட்ட வாயோடே அடுத்தவருக்குப் போய்விட்டது. நெல் ஒருபோதும் மஞ்சளாகவில்லை.

நான்காவது வெள்ளி ஏறாவூர்க்காரர் எழுதினார்: ‘உம்மா மவுத்தாகிட்டா. இண்டைக்கு விடிய. எனக்கு வர லீவு இல்ல.’

நீர்நாய்ப் பெண் அதை வாசித்தாள். மருமகளுடைய சிரிப்பை, அந்தக் கடைசியில் சிறிது உடைகிற சிரிப்பை, அப்படியே சிரித்தாள். “மறுகா?” என்றாள். பிறகு இன்னொருவர் நாற்று நடுவதைப் பற்றிக் கேட்டதற்குப் போய்விட்டாள்.

மவுத்து என்றால் மரணம் என்று அதற்குத் தெரியவில்லையா, தெரிந்தும் ஒன்றுமில்லையா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. மருமகள் விசைப்பலகையை இழுத்து ‘அது நான் இல்ல’ என்று எழுதினாள். நிறுவனத்து ஆட்கள் அதை அழித்தார்கள். மறுபடி எழுதினாள். ‘பொறாமக்காரி ஒண்டு வந்திரிக்கு’ என்று ஒருவர் எழுதினார். மூன்றாம் தடவை எழுதியபோது அவளை உள்ளே வரமுடியாமல் தடுத்துவிட்டார்கள். அவளுடைய குரல் உள்ளே கதைத்துக்கொண்டிருந்தது.

நிறுவனத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: ‘உங்கள் கருத்தை மதிக்கிறோம்.’ ஒரு நிமிடத்தில் என் முதல் பந்தியைக்கூட ஒருவரும் வாசித்திருக்க முடியாது. அதையும் ஓர் இயந்திரம்தான் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மருமகள் வந்து நின்றாள். “மாமா, மோட்டர் சைக்கிள எடுங்க. ஏறாவூருக்குப் போவம்.”

“போய் ஆரெண்டு சொல்லப் போறாய் புள்ள? உன்ட முகத்தக் கண்ட ஆள் ஒண்டுமில்லையே.”

“அவர் நான்தான் சிரிச்சனெண்டு நினைச்சிட்டு இரிக்கார். அத அப்படியே விட ஒண்ணா.”

பாலத்தைக் கடந்து, நகரத்தைத் தாண்டி, தன்னாமுனை வழியாகப் போனோம். ஏறாவூரில் ஒரு தேநீர்க்கடையில், வெள்ளிக்கிழமை மவுத்தான உம்மா, மகன் கட்டாரில், ஜம்பு மரம் என்றதும் வழி காட்டினார்கள். கேற்று நீலந்தான். ஆண்கள் இருந்த விறாந்தையில் எனக்கு ஒரு கதிரை தந்தார்கள். அவள் உள்ளே போனாள். கதவு திறந்திருந்தது.

“உங்கட தம்பிக்குத் தெரிஞ்ச ஆள் ராத்தா,” என்று அவள் சொல்வது கேட்டது. இறந்தவரின் மூத்த மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தம்பிக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்தா. சத்தம் வெளியே கேட்டது.

“காக்கா, நான் நீர்நாய்.”

“ராத்தா, வீடியோவப் போட்டுக் காட்டுறீங்களா?” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

“இல்ல. நான். உங்கட வீட்டுக்குள்ள இரிக்கன்.”

“சிரிச்சீங்களே தங்கச்சி. உம்மா மவுத்து எண்டு எழுதுறன், சிரிச்சீங்களே.”

விறாந்தையில் நான் துடித்தேன். சொல்லு புள்ள, ஒப்பந்தத்தைச் சொல்லு, திகதியைச் சொல்லு, உன்னைத் துரத்திவிட்டதைச் சொல்லு. அவள் அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

“அது நான் இல்ல காக்கா. உம்மாக்கு என்ன நடந்த?”

அவர் சொல்லத் தொடங்கினார். வியாழன் பின்னேரம் உம்மா தொலைபேசியில் கதைத்தாவாம். வௌவாலுக்கு வலை வாங்கி அனுப்பச் சொன்னாவாம். அங்கே நின்றுவிட்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்துக்கு மேல். மருமகள் மூச்சு விடுகிற சத்தங்கூட வரவில்லை.

பிறகு, மிக மெதுவாக, “மறுகா?”

அவர் அழுதார். அழுதுவிட்டுச் சொன்னார். முக்கால் மணித்தியாலம் சொன்னார்.

கடைசியில், “வெள்ளிக்கிழமை இனி எங்க வாற?” என்று கேட்டார். அவள் தன் சொந்த இலக்கத்தைக் கொடுத்தாள். திரும்பும் வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: “மாமா, ஏழாம் பிரிவில நேரலைதானே தடை? கோல் எடுத்துக் கதைக்கவும் தடையா?”

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை நான்காம் முறை வாசித்தேன். தடை இல்லை. அது அவர்களுடைய இரக்கம் அல்ல. ஒருவரோடு ஒருவர் கதைப்பதில் காசு ஒன்றும் தேறாது என்று விட்டிருக்கிறார்கள். நீர்நாய்ப் பெண் இப்போதும் வெள்ளிக்கிழமை நாலரைக்கு வருகிறாள். கூட்டம் குறையவில்லை. மனிதருக்குப் பதிலாக இது வருமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும். அது வந்து உட்கார்ந்து பல வாரமாகிறது.

என் கோப்பில் இருந்த பிரதியை எடுத்து ‘வருபயன்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வெட்டினேன். அதற்கு மேலே சரியான மொழிபெயர்ப்பை எழுதினேன்: களவு. பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் போட்டு, என் முத்திரையைக் குத்தினேன்.