தண்ணீர் வண்டிக்காரன் உடையப்பனின் கல்யாணம்

மலாயாவில், பேராக் ஆற்றங்கரையில் பெரிங்கின் என்றொரு சிறு பட்டணம் இருந்தது. ஒரே கடைத்தெரு, ஒரு படகுத்துறை, ஒரு மாரியம்மன் கோயில். தெருவையும் சாக்கடையையும் கவனிக்க ஒரு சுகாதார போர்டு. அந்த போர்டின் ஒற்றை மாட்டுத் தண்ணீர் வண்டியை ஓட்டியவன் உடையப்பன்.

ரப்பர் பால்மரத் தோட்டத்தை விட்டு வந்த அவனுக்குப் பட்டண வேலை பிடித்திருந்தது. ஆற்றில் பீப்பாயை நிரப்பிக்கொண்டு வந்து, செம்மண் தெருவில் புழுதி அடங்கத் தெளித்துப் போவான். நனைந்த தெருவைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே செல்லாயி வருவாள். அவளிடம் சொல்ல அவனுக்கு ஒரு விஷயம் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் மாட்டைப் பற்றித்தான் பேச்சு வரும். மாடு நேற்று சரியாகத் தின்னவில்லை என்பான். அவளும் மாட்டை நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுவாள்.

1924இல் ஆற்றோரம் புதுச் சந்தை திறந்தார்கள். போர்டின் எழுத்து வேலைகளைப் பார்த்த கிராணி இராஜசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். எதிலும் ஒழுங்கு பார்ப்பவர். பந்தல் போட்டு, தோரணம் கட்டி, ஈப்போவிலிருந்து பேண்டு வாத்தியமும் வரவழைத்திருந்தார். தெருவை இன்னொரு முறை நனைக்கச் சொல்லி உடையப்பனையும் விரட்டினார்.

அவன் காலி வண்டியை ஆற்றுச் சரிவில் இறக்கிய நேரம், போர்டுத் தலைவரான துரை பந்தலுக்கு வந்தார். பேண்டுக்காரர் பெரிய மேளத்தை ஓங்கி அடித்தார். மிரண்ட மாடு ஒரே பாய்ச்சலில் ஆற்றுக்குள் போனது. பூட்டாங்கயிறு அறுந்து மாடு நீந்திக் கரையேறிவிட்டது. வண்டி மட்டும் பீப்பாயோடு மிதந்து நடு ஆற்றுக்குப் போனது. மேலே உடையப்பன். அவனுக்கு நீச்சல் தெரியாது.

பீப்பாய் ஒரு சுற்றுச் சுற்றி, ஊரே கூடியிருந்த பந்தலை நோக்கி மிதந்தது. பேண்டு நிற்கவில்லை. முதலில் நடுங்கியவனுக்கு, அந்த வாத்தியமும் வெயிலும் சுழலும் தண்ணீரும் சேர்ந்து என்னவோ செய்தன. சிரிக்கத் தொடங்கிவிட்டான். கரையோரம் துடைப்பத்தோடு ஓடிவந்த செல்லாயியைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது.

"செல்லாயி, ரெண்டு வருசமா சொல்லணும்னு இருக்கேன். என்னைக் கட்டிக்கிறியா?"

செல்லாயி துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு கத்தினாள்.

"மொதல்ல கரைக்கு வாங்க. ஈரத்தோட இருக்கிற ஆளுக்கு நான் பதில் சொல்லமாட்டேன்."

இதுவும் நிகழ்ச்சியில் உண்டா என்று துரை கேட்க, இராஜசிங்கம் கண் இமைக்காமல், உண்டு என்று சொல்லிவிட்டார். துரை கைதட்டினார். பிறகு ஊரே தட்டியது.

மலாய்ப் படகுக்காரர் இருவர் சம்பான் படகில் போய் அவனை ஏற்றி வந்தார்கள். வண்டி ஆற்றோடு போய்விட்டது. சொட்டச் சொட்ட நின்றவனின் தலையைச் செல்லாயி தன் முந்தானையால், எல்லோரும் பார்க்க, அழுத்தித் துவட்டினாள்.

"இப்ப காஞ்சிருச்சு. கட்டிக்கிறேன்" என்றாள்.

வேலை போயிற்று என்றுதான் உடையப்பன் கிராணியின் முன்னால் போய் நின்றான். அதுவரை சிரித்து யாரும் பார்த்திராத அவர் சிரித்தார்.

"வண்டியைப் பற்றிப் பிறகு கதைப்பம். முதல்ல கலியாணத்துக்கு நாள் பாப்பம்" என்றார்.

உடையப்பனுக்கு உறவென்று யாரும் இல்லாததால், மாரியம்மன் கோயிலில் மாப்பிள்ளை வீட்டுக்காரராக அவரே நின்றார். தாலி கட்டும் நேரத்தில் செல்லாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்துப் பூசாரியும் சிரிக்க, உடையப்பன் கடைசி முடிச்சை அவிழ்த்து மறுபடி போட வேண்டியதாயிற்று.