மூட்டுக்குப் போன வெனிலா

அச்சன்புதூர் அத்தான் இன்று குற்றாலத்தில் குளிக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

அடுக்களையில் ஒரு பாட்டில் வைத்திருந்தேன். வீட்டில் போடும் இஞ்சி பீருக்கு மணம் சேர்க்க, வேர்போல் நீண்டு கறுத்த வெனிலா காய்களைக் கீறி வோட்காவில் தை மாதமே ஊறப்போட்டது. இப்போதுதான் பதத்துக்கு வந்திருந்தது.

அருவிக்குக் கிளம்புமுன் அவ்வளவையும் முழங்காலில் தேய்த்துக் காலி செய்துவிட்டார்.

"அத்தான், என்னதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேக்க என்ன இருக்கு மாப்ளே? குத்தாலத்துல பாட்டிலுக்குள்ள வேர் கிடந்தா தைலம்தான."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பியவர் சற்றுமுன் போன் செய்தார். "வலி நல்லா கேட்டிருக்கு மாப்ளே. எங்க அண்ணனுக்கும் ஒரு பாட்டில் போட்டு வை."

இந்தத் தடவை மிளகாய்த்தூளை ஊறவைத்துக் கொடுக்கலாமென்று இருக்கிறேன். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.